சொல்லாமல் வந்த வாசல்

ராசா,

நீ இப்போது எந்தக் கோப்பிக் கடையில் எந்தக் கூட்டாளியோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாயோ தெரியாது. உன் சூட்கேஸ் இரண்டும் ஹோலில் வழியை மறித்துக்கொண்டு கிடக்கின்றன. அப்பா அவற்றைக் குளியலறைத் தராசில் ஏற்றுவதும், நிறை கூடிப்போச்சு என்று என்னைப் பார்ப்பதும், நான் யன்னலுக்கு வெளியே லோறன்ஸ் அவெனியூவில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுமாக மத்தியானம் முழுக்கப் போயிற்று. நிறை கூடியதற்கு உன் புத்தகங்கள் காரணமில்லை. உன் ஸ்வெற்றருக்குள் நான் சுற்றி வைத்த மிளகாய்த்தூள் பைகள்தான் காரணம். அவை உனக்கில்லை, ஜப்பானில் கெய்கோ மாமிக்கு. வழியில் யாராவது திறந்து பார்த்துக் கேட்டால் சமையல் தூள் என்று சொல். நீ ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவன், அதைக்கூட உனக்கு விளங்கப்படுத்தத் தெரியாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடம் உன்னை எடுத்தது வீண்.

இந்தக் கடிதத்தை உன் ஜக்கற்றின் உள்பையில் வைக்கப் போகிறேன். பிளேன் ஏறியபிறகு படி. தமிழில் எழுதுகிறேனே என்று முகத்தைச் சுருக்காதே. பத்து வயதில் இங்கே வந்த உன்னைச் சனிக்கிழமை தோறும், பனியோ மழையோ பாராமல், தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். அதற்கான பலனை நான் இன்றைக்கு எடுக்கிறேன். விளங்காத இடத்தை இரண்டு தரம் படி. அப்பாவிடம் போனில் கேட்காதே. "கவனமாய் இருக்கச் சொல்லுறா" என்று எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துவிடுவார். நான் சொல்லப்போவது அது மட்டுமில்லை. சில வருடங்களாக உன்னை நான் "தம்பி" என்று கூப்பிடுவதில்லை என்று நீ ஒருநாள் கேட்டாய், நினைவிருக்கிறதா? எங்கள் ஊரில் பெற்ற மகனையும் அப்படித்தான் கூப்பிடுவது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மாமா போனபிறகு அந்தச் சொல் தொண்டையில் நின்றுவிட்டது. அதனால்தான் ராசா ஆனாய்.

உன் மாமா ரகு என்னைவிட ஏழு வயது இளையவன். ஜப்பானுக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது "ரெண்டு வருசம்தான் அக்கா" என்றான். அந்த இரண்டு வருடம் முடிவதற்குள் நாட்டில் நெருப்புப் பிடித்துவிட்டது. திரும்பி வராதே, அங்கேயே இரு என்று அவனுக்கு எழுதியவள் நான். பிறகு நாங்களும் புறப்பட்டுக் கடைசியில் ரொறன்ரோவில் வந்து விழுந்தோம். அவன் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த கெய்கோவைக் கல்யாணம் முடித்தான். படம் வந்தபோது சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்றால், அவனுக்குச் சுடுசோறு போட ஒருத்தி இருக்கிறாள் என்பதே போதுமாக இருந்தது. மீனா பிறந்தாள். அந்தப் பெயர் ஜப்பானிலும் இருக்கிறதாம், அதனால் இரண்டு பக்கமும் தங்கள் பெயர்தான் வைத்தது என்று சந்தோசப்பட்டுக்கொண்டன. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் போன் எடுத்து "அடுத்த வருசம் கட்டாயம் வாறம்" என்பான். எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தால் நானே வருகிறேன் என்பேன். போனில் வருவது எங்களுக்கு நல்ல சுகமாக இருந்தது.

பாஸ்போர்ட் கிடைத்தது. நீலநிறம், மடிப்புக் கலையாதது. அதை முதன்முதல் எடுத்துக்கொண்டு போனது செத்த வீட்டுக்கு. அன்று சனிக்கிழமை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். போனில் கெய்கோ. அதற்கு முன்பு அவள் என்னோடு நேரே கதைத்தது கிடையாது, "ஹலோ அக்கா" என்று சொல்லிவிட்டு அவனிடம் கொடுத்துவிடுவாள். அன்று கொடுக்க ஆளில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். வயிற்றில் புற்றுநோய், ஒரு வருடமாக இருந்ததாம். நீ அப்போது பல்கலைக்கழகத்தில் சோதனை எழுதிக்கொண்டிருந்தாய். அப்பாவுக்கு லீவு இல்லை, இருவருக்கும் ரிக்கெற் எடுக்க வசதியும் இல்லை. நான் தனியாகப் போனேன். எஸ்கலேற்றரில் கால் வைக்கப் பயந்து சாமான்கடைகளில் படி தேடுகிற நான், உலகத்தின் மறுபக்கத்துக்குத் தனியாகப் போனேன்.

போகும்போது ஒன்றை நினைத்துக்கொண்டேதான் போனேன். அப்பாவின், அதாவது உன் தாத்தாவின் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தது ரகு. மீசைகூட அரும்பாத வயதில், ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றான். இப்போது அவனுடையதை யார் கரைப்பது? அவனில் ஒரு துளி, ஒரு சின்ன எலும்பு, எனக்குக் கிடைத்தால் போதும், நான் கொண்டுவந்து முறையாகச் செய்விப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பயணத்தில் எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு. ஒன்று அவன் முகம். மற்றது அது.

முகம் கிடைத்தது. அங்கே உடனே எரித்துவிடுவார்கள் என்று பயந்திருந்தேன். கெய்கோ விடவில்லை. அக்கா வரும்வரைக்கும் என்று சொல்லி, ஐஸ் வைத்து, வீட்டிலேயே வைத்திருந்தாள். அவளுடைய தமையன் காரில் வந்து என்னை ஏற்றிப்போனார். வாசலில் இறங்கினேன். கறுப்பு உடுப்போடு ஒரு மெலிந்த பெண், இடுப்பு வளையக் குனிந்து எழும்பி, "வாங்கோ அக்கா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதில் என்ன என்று நீ நினைப்பாய். உனக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உனக்குப் பதினைந்து வயதிருக்கும், எங்கள் மாடியில் இருந்த தங்கராணி அன்ரியின் மனுசன் செத்தபோது உன்னையும் ஃபியூனரல் ஹோமுக்குக் கூட்டிப்போனேன். வெளிக்கிடும்போது நீ நல்ல பிள்ளையாக அந்த அன்ரியின் கையைப் பிடித்து, "பாய் அன்ரி, போயிட்டு வாறம்" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாய். கதிரைகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பார்க்கிங் லொட்டில் வைத்து உன் கையில் நான் கிள்ளியது இன்னும் உனக்கு நினைவிருக்கும், ஆளுக்கு ஆள் சொல்லிக் காட்டுகிறாய்தானே. செத்த வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் வாங்கோ என்று வரவேற்பதில்லை, போகிறவர்கள் போயிட்டு வாறன் என்று சொல்லுவதும் இல்லை. அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவோம் என்று சொன்னமாதிரி. பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். அதுதான் மரியாதை, அதுதான் அந்த வீட்டுக்கு நாங்கள் செய்கிற நன்மை. அன்றைக்கு உனக்கு அதைப் பாடமாக எடுத்தேன். நல்ல ரீச்சர்தான் நான்.

கெய்கோவின் "வாங்கோ" எனக்குச் சுட்டது உண்மை. அடுத்த கணமே விளங்கியது. அது ரகு சொல்லிக் கொடுத்த சொல். அக்கா வந்தால் இப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். எந்த இடத்தில் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க அவனுக்கு ஒரு தேவை வரவில்லை. எத்தனையோ வருடங்களாக அவள் அந்தச் சொல்லை எனக்காக வைத்துக்கொண்டிருந்தாள், அதைச் சொல்லுகிற நாளில் அவன் உள்ளே படுத்திருந்தான். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளுக்குக் கட்டிப்பிடிக்கத் தெரியாது, கைகளைத் தொங்கவிட்டபடியே நின்று அழுதாள்.

அவன் முகத்தில் தாடை ஒட்டிப்போயிருந்தது, மற்றப்படி அவன்தான். பக்கத்தில் இருந்து நெற்றியைத் தடவினேன், குளிர்ந்து கிடந்தது. கெய்கோ எனக்கு முன்னால் பாயில் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் பட விழுந்தாள். நோயை எனக்கு அறிவிக்காததற்கு மன்னிப்புக் கேட்கிறாளாம். மீனா தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னது: அக்காவுக்குச் சொல்லாதே, அவள் ஏற்கனவே நிறையப் பேரைப் பறிகொடுத்தவள் என்று அப்பா சொன்னார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உன்னில் பிழை இல்லையடி என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கெய்கோவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன், அவ்வளவுதான். அதுவே போதும் என்று நினைத்தேன்.

பிறகு சுடலைக்குப் போனோம். சுடலை என்றால் நீ நினைக்கிற மாதிரி இல்லை, ஹோட்டல் மாதிரிப் பளபளவென்று இருந்தது. ஆனாலும் எனக்குக் கால் கூசியது. எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, உன் தாத்தா செத்தபோதுகூட நான் வாசல் படலையோடு நின்றவள். இங்கே யாரைக் கேட்பது? மீனா என் கையைப் பிடித்து இழுத்தாள், போனேன். எரிந்து முடியும்வரை ஓர் அறையில் தேத்தண்ணி தந்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். தட்டில் வெள்ளை வெளேரென்று எலும்புகள். எல்லோர் கையிலும் நீளமான குச்சிகள் தந்தார்கள், ஒரு குச்சி மூங்கில், மற்றது வேறு மரம், வேண்டுமென்றே சோடி சேராதவை. இரண்டிரண்டு பேராக ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்து எடுத்துச் சாடியில் இட வேண்டும். காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும், சாடிக்குள்ளும் ஆள் நேராக இருக்க. கெய்கோ தன் குச்சிகளோடு எனக்கு எதிரே வந்து நின்றாள். வேறு யாரோடும் சேரவில்லை. எனக்குக் குச்சி பிடிக்கத் தெரியாது, ஒரு தரம் நழுவியது. அவள் பொறுத்து நின்று, என் குச்சிக்குக் கீழே தன் குச்சியைக் கொடுத்துத் தாங்கினாள். அவன் கால் எலும்பை நாங்கள் இருவருமாகத் தூக்கினோம். விளையாடிய கால், படலை தாண்டிக் குதிக்கிற கால். இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற நேரமாகவே இருந்துவிட்டது.

அதனால் ராசா, அங்கே சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து உன் குச்சிக்கு ஒன்றையும் வாங்காதே, நீயும் கொடுக்காதே. தட்டில் வை, அவர் எடுக்கட்டும். இரண்டு பேரின் குச்சிகள் ஒன்றைச் சேர்ந்து பிடிப்பது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். இது புத்தகத்தில் படித்துச் சொல்கிறதில்லை.

அந்தக் கிழமை ஏழு நாளும் அவளுடைய வீட்டில் இருந்தேன். எனக்கும் கெய்கோவுக்கும் இடையில் மொத்தம் இருபது முப்பது சொற்கள் இருந்திருக்கும். அவள் சோறு அவித்தாள், நான் அவன் அலுமாரியில் இருந்த மிளகாய்த்தூள் போத்தலின் அடியைத் தட்டிப் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன். மீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டாள், அப்பாவின் வாசம் என்று சொன்னாளாம். காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் பிள்ளை வாசலில் நின்று உரத்து ஒரு சொல் சொல்லும், உள்ளேயிருந்து கெய்கோ ஒரு பதில் சொல்லுவாள். அதை ரகு எனக்கு ஒருதரம் போனில் சொல்லியிருக்கிறான். "இவையளும் எங்களை மாதிரித்தான் அக்கா, போறன் எண்டு சொல்லமாட்டினம், போயிட்டு வாறன் எண்டுதான் சொல்லுறவை." அவன் மட்டும் அதைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவானாம். படத்துக்கு முன்னால் பெரிய சாடி வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. எனக்கு ஒரு சின்னத் துண்டு தா என்று கேட்க, அந்தக் கிழமை முழுக்க நான் வாயெடுத்தேன், வாயை மூடினேன். பெண்சாதியும் பிள்ளையும் இருக்க, எந்த உரிமையில் கேட்பது? இத்தனை வருடம் பாராத அக்கா வந்து பங்கு கேட்கிறாள் என்று நினைத்துவிட்டால்? வெட்கப்பட்டுக்கொண்டே நாட்கள் போய்விட்டன.

வெளிக்கிடுகிற காலை. தமையன் காரோடு வந்து என் பெட்டியை ஏற்றிவிட்டார். கெய்கோ உள்ளறைக்குப் போனவள் வரவில்லை. தனியே இருந்து அழுகிறாள் போல என்று நினைத்தேன். இதுதான் நல்ல நேரம், சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டுவிட வேண்டும், இன்னும் முப்பத்தொரு நாள் ஆகாத வீடு. என் வாயால் வாறன் என்று வந்து, இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்று நடந்தால் என்ன செய்வேன்? மீனாவின் தலையைத் தடவினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்க் காரில் ஏறினேன். தமையன் காரை எடுக்காமல் வீட்டைப் பார்த்தார். போங்கோ, போங்கோ என்று கையால் காட்டினேன். பாவம் மனுசன், இன்னொருதரம் பார்த்துவிட்டு எடுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வலிக்க வலிக்க நேரே பார்த்துக்கொண்டு போனேன். பிளேனில் இருந்தபோது எலும்பு கேளாத துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், முறை தவறாமல் நடந்தேன் என்ற திருப்தி மறுபக்கம் இருந்தது.

இங்கே வந்து முப்பத்தோராம் நாள் கோயிலில் அந்தியேட்டிக் கிரியை செய்தோம். சாம்பல் எங்கே என்று ஐயர் கேட்டார். இல்லை என்றேன். தர்ப்பையை வைத்து ஒப்பேற்றினார். அதன்பிறகு நான் கெய்கோவுக்குப் போன் எடுத்தால், நன்றி, நலம், என்று இரண்டு சொல்லோடு முடித்தாள். முன்பு "ஹலோ அக்கா" என்றவள், இப்போது அக்காவை விட்டுவிட்டாள். சில தரம் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சரி, அவன் போனபிறகு எங்களோடு அவளுக்கு என்ன தொடர்பு, அந்நியத்தி அந்நியத்திதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் இப்போது எனக்கே கோபம் வருகிறது. அப்பா மட்டும், "நீ என்ன செய்தனியோ ஆருக்குத் தெரியும்" என்றார். அதற்கு அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

மிச்சம் உனக்குத் தெரியும், ஆனால் போனை உன் காதில் வைத்திருந்ததால் என் பக்கம் உனக்குத் தெரியாது. அது போன வருடம், புதுவருடப் பிறப்பு. நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன், கை முழுக்க மா. நீ போனை எடுத்தாய். மீனா. அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் படித்திருந்தாள், வாழ்த்துச் சொல்லத் தானாகவே எடுத்திருக்கிறாள். நீ சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"அம்மா, உங்களுக்கு இன்னும் கோவமோ எண்டு கேக்கிறாள். What did you do?"

"நான் ஏன் கோவிக்கிறன்? ஆரோடை?"

நீ கேட்டுக் கேட்டுச் சொன்னாய். அன்று காலை கெய்கோ உள்ளறைக்கு அழப் போகவில்லை. நல்ல உடுப்பு மாற்றிக்கொண்டு, எனக்கென்று சுடலையிலேயே சொல்லிப் பிரித்து வைத்திருந்த சின்னச் சாடியை எடுத்துவரப் போனாளாம். வாசலில் வைத்து, இரண்டு கையாலும், முறைப்படி எனக்குத் தருவதற்கு. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வரக் கார் தெருமுனையில் திரும்புகிறது. சப்பாத்தும் இல்லாமல் சாடியோடு பின்னால் ஓடினாளாம். நான் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றது மீனா.

அதுமட்டும் என்றால் அவள் வேறு விதமாக நினைத்திருக்கக்கூடும். ஆனால் ரகு அவளுக்கு ஒன்றைச் சொல்லி வைத்திருந்தான். எங்கள் ஆட்கள் வாசலைத் தாண்டும்போது போயிட்டு வாறன் என்று சொல்லாமல் போகமாட்டார்கள், சொல்லாமல் போனால் அவர்கள் இனி அந்த வாசலை மிதிக்கமாட்டார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு காலையும் அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவள், என் வாயிலிருந்தும் அதைக் கேட்கக் காத்திருந்தாள். நான் சொல்லாமல் போனேன். நோயை மறைத்ததற்கு அக்கா தன்னை மன்னிக்கவில்லை, தம்பியின் எலும்பைக்கூடத் தன் கையால் வாங்க விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒன்றரை வருடம் அந்தச் சாடியை அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் இங்கே அவளை அந்நியத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன், உனக்கு நினைவிருக்கும். நான் தமிழில் சொல்ல, நீ ஆங்கிலத்தில் மீனாவுக்குச் சொல்ல, அவள் தாய்க்குச் சொன்னாள். செத்த வீட்டில் ஏன் விடைபெறக்கூடாது என்று விளங்கப்படுத்த உன்னிடம் ஒரு நல்ல உதாரணம் இருந்தது, உன் கையில் நான் கிள்ளியது. நீ அதைச் சொன்னாய். நான் போனை வாங்கினேன், மாக்கையோடு. பிறகு கெய்கோவின் குரல்.

"அக்கா. வாங்கோ."

இந்த முறை அது சரியான இடத்தில் வந்தது. நான் ஓம் ஓம் என்று மட்டும் சொன்னேன். போனின் பிடியில் ஒட்டிய மாவை அப்பா அடுத்த நாள் வரைக்கும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாடியைத் தபாலில் அனுப்பமாட்டாளாம். கையிலிருந்து கைக்குத்தான் போக வேண்டும், உங்கள் வீட்டிலிருந்து யார் வந்தாலும் தருவேன் என்று சொன்னாள். நான் போக நினைத்தேன், முழங்கால் விடவில்லை, வேலையில் லீவும் விடவில்லை. இந்த நேரத்தில்தான் நீ ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, ஜப்பானில் ஒரு வருடம் படிப்பிக்கப் போகிறேன் என்றாய். நான் முதலில் வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ரெண்டு வருசம்தான் என்று போனவனை நான் சாடியில் பார்த்தேன். நீ ஒரு வருசம்தான் என்கிறாய். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. அங்கே ஒரு பிள்ளையைப் பிடித்துப்போய் நீ அங்கேயே நின்றால் நான் சண்டை பிடிக்கமாட்டேன், உன் மாமி எப்படிப்பட்டவள் என்று கண்டவள் நான். ஆனால் வந்து முகத்தைக் காட்டு. "அடுத்த வருசம்" என்று போனில் வராதே.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். தெரியாத இடத்தில் நீ தானாகக் கேட்பாய், சப்பாத்தை எங்கே கழற்றுவது, எங்கே இருப்பது என்று. அதில் எனக்குப் பயமில்லை. எனக்கு நல்லாய்த் தெரியும் என்று நினைக்கிற இடத்தில் ஒருதரம் நின்று கேள். சுடலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் அவள் சொன்னபடி செய்தேன், ஒரு பிழையும் வரவில்லை. வாசலில்தான் எல்லாம் தெரிந்தவளாக நடந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்கு என் கண்ணுக்கு முன்னால் அல்ல, என் முதுகுக்குப் பின்னால் சறுக்கியது.

போய் இறங்கினால் கெய்கோ மாமி ஏர்போர்ட்டுக்கு வருவாள். அவள் வாங்கோ என்பாள், நீ குனிந்து ஓம் மாமி என்று சொல். மிளகாய்த்தூளைக் கொடு. மாமாவின் படத்துக்கு முன்னால் கும்பிடு, மீனாவைக் கேட்டு அவள் செய்வதுபோலச் செய். பள்ளிக்கூடம் இருக்கிற ஊர் தூரம் என்றாலும் விடுமுறை நாட்களில் அவளிடம் போ. அவளுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, நீ மருமகன். கடமை உனக்கு இருக்கிறது, மீனாவுக்கும் இருக்கிறது, கரைக்கிற நாளில் அவளும் உன்னோடு தண்ணீரில் இறங்கட்டும், பெண்பிள்ளைக்கு ஏது இது என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. ஒன்ராறியோ ஏரியிலா, கீரிமலைக்குப் போகக்கூடிய காலம் வரும்வரை பொறுத்திருந்தா என்பதை நீ வந்தபிறகு பேசுவோம். அதுவரைக்கும் அவன் என் அலுமாரியில் இருக்கட்டும். பாராமல் இருந்தது போதும்.

வருடம் முடிந்து நீ வெளிக்கிடுகிற நாள்தான் எனக்கு முக்கியம். அவசரப்படாதே. காரை நிற்கச் சொல். அவள் உள்ளே போனால், அழப் போகிறாள் என்று நீயாக ஒரு முடிவுக்கு வராதே, வரும்வரை நில். உடுப்பு மாற்றிக்கொண்டு வருவாள். அவள் இரண்டு கையாலும் தருவாள், நீ இரண்டு கையாலும் வாங்கு. வாங்கிக்கொண்டு, அந்த வாசலில், தெருவில் போகிறவனுக்கும் கேட்கிற மாதிரி, "மாமி, போயிட்டு வாறன்" என்று சொல். ஃபியூனரல் ஹோமில் சொன்னாயே, அந்தக் குரலில். ஒருவரும் கிள்ளமாட்டார்கள். ஒருதரம் உனக்காக, இன்னொருதரம் அக்கா சொல்லச் சொன்னவ என்று எனக்காக. கார் திரும்பும்வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போ.

கதவுத் திறப்புச் சத்தம் கேட்கிறது, நீ வந்துவிட்டாய். நாளைக்கு ஏர்போர்ட்டில் நீ வழக்கம்போல "பாய் அம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அங்கே நான் சொல்லிக் கேட்காமல் போகக்கூடியதை இதிலே எழுதி வைக்கிறேன், பிளேனில் இருந்து படிக்கும்போது கேட்கட்டும்.

போயிட்டு வா, தம்பி.

அம்மா